வாசகர் கேள்வி – பதில்: லீவர் ஆக்சன் ரைபிளில் திருகுகளை எவ்வளவு முடுக்க வேண்டும்?

அமெரிக்காவில் மான் வேட்டைப் பருவம் முடிந்து, ரைபிள்களைத் துடைத்து எண்ணெய் போட்டு வைக்கும் சமயத்தில் வந்த கேள்விகள் இவை. பெரும்பாலும் வின்செஸ்டர் 94, மார்லின் 336 ஆகிய இரண்டு லீவர் ஆக்சன் ரைபிள்களை, அதாவது அடியில் உள்ள லீவரை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா ஏறும் வகையைப் பற்றியவை. முன்னது ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1894-இல் வந்தது, பின்னது 1948-இல். இரண்டிலும் திருகுகள் நிறைய. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. அந்த வேலைக்கு ஏற்றபடிதான் முடுக்க வேண்டும்.

திருப்புளியைத் தொடும் முன் ரைபிளில் தோட்டா இல்லை என்று உறுதி செய்யுங்கள். லீவரை இரண்டு முறை அடித்துப் பார்த்துவிட்டு காலி என்று நினைத்துவிடக் கூடாது. குழலுக்கு அடியில் தோட்டாக்கள் வரிசையாக இருக்கும் குழாய் மேகசினுக்குள் அழுக்கால் ஸ்பிரிங் சிக்கினால் ஒரு தோட்டா உள்ளேயே தங்கிவிடும். பிறகு அசைவில் விடுபட்டு வரும். லீவரை முழுக்கத் திறந்து வைத்து, குழலின் அறையைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் தடவுங்கள். மேகசின் வாயில் தோட்டாக்களைத் தள்ளும் ஃபாலோயர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தோட்டாப் பெட்டி அடுத்த அறையில் இருக்கட்டும்.

கேள்வி: கைமாறி வந்த மார்லின் 336 வாங்கினேன். திருகுத் தலைகள் எல்லாம் சிதைந்திருக்கின்றன. என்னிடம் நல்ல விலையுள்ள திருப்புளி செட் இருக்கிறது. அதை வைத்து வேலை செய்யலாமா?

வேண்டாம். முந்தைய உரிமையாளரும் அப்படி ஒரு செட்டை வைத்துத்தான் தலைகளைச் சிதைத்திருப்பார். கடையில் கிடைக்கும் சாதாரணத் திருப்புளியின் முனை ஆப்பு மாதிரி சரிந்திருக்கும். திருகுத் தலையில் வெட்டிய காடியோ நேர்ச் சுவர் கொண்டது. ஆகவே முனை காடியின் மேல் விளிம்பை மட்டும்தான் தொடும், அடி காலியாக இருக்கும். அழுத்தித் திருப்பும்போது சரிவு முனையை மேலே தள்ளும். விளிம்பு பிதுங்கும், திருப்புளி வழுக்கி ரிசீவரின் (இயங்கும் பாகங்களை உள்ளடக்கிய நடு உடல்) நீலப்பூச்சில் கோடு போடும். விலை எவ்வளவு கொடுத்திருந்தாலும் ஆப்பு முனை ஆப்பு முனைதான்.

வேண்டியது ஹாலோ கிரவுண்ட் பிட் (திருப்புளியில் மாட்டும் முனை). இதன் இரு பக்கமும் நுனியில் இணையாக இருக்கும். காடியின் அடிவரை இறங்கிச் சுவர் முழுவதையும் பிடிக்கும். பிரவுனெல்ஸ், வீலர் போன்றவர்கள் அளவு வாரியாகச் செட்டாக விற்கிறார்கள். பொருத்தம் பார்க்க இரண்டு அளவுகள் உண்டு. அகலம், திருகுத் தலையின் விட்டத்துக்குச் சமமாகவோ மயிரிழை குறைவாகவோ இருக்க வேண்டும். குறுகினால் விசை முழுவதும் காடியின் நடுவில் விழும்; அகன்றால் துளையைச் சுற்றியுள்ள இரும்பைச் சுரண்டும். தடிமன், காடியில் வைத்தால் ஆடாமல் நிற்கும் அளவு. சற்றே தடித்த பிட் கிடைத்தால் எண்ணெய்க் கல்லில் கையால் தேய்த்து இறக்குங்கள். கிரைண்டரில் வைத்தால் சூடேறி முனை பதம் இழந்துவிடும்.

பிட்டை வைக்கும் முன் காடியில் உறைந்திருக்கும் எண்ணெய் அழுக்கைப் பல்குச்சியால் சுரண்டி எடுங்கள். காடியின் அடியில் அரை மில்லிமீட்டர் அழுக்கு இருந்தால்கூட பிட் அவ்வளவு உயரத்தில் நிற்கும். வழுக்குவதற்கு அது போதும். துணி சுற்றிய வைஸிலோ மணல் மூட்டையிலோ ரைபிளை அசையாமல் படுக்க வையுங்கள். பிட்டைச் செங்குத்தாக வைத்து, முதலில் உடல் எடையால் கீழே அழுத்தி, அதன் பிறகு திருப்புங்கள். அழுத்தம் அதிகம், திருப்பு விசை குறைவு என்பதுதான் கணக்கு.

ஏற்கெனவே சிதைந்த தலைகளை உடனே தூக்கிப் போட வேண்டாம். திருகைக் கழற்றி, பிதுங்கிய உலோகத்தை மழமழப்பான சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிக் காடிக்குள் திருப்பி இறக்குங்கள். பிறகு மெல்லிய அரத்தால் காடியை நேராக்கி, கோல்ட் புளூ (சூடாக்காமல் தடவும் நீலப்பூச்சு) தடவுங்கள். காடியின் ஒரு பக்கச் சுவர் உடைந்தே போயிருந்தால் மட்டும் புதுத் திருகு.

கேள்வி: ரிசீவர் திருகுகளுக்கு எத்தனை இஞ்ச்-பவுண்டு டார்க் (திருப்பு விசை) கொடுக்க வேண்டும்?

ஒரே எண்ணைச் சொல்லி அனுப்பிவிட முடியாது. லீவர், ஹாமர் (தோட்டாவை வெடிக்க வைக்க விழும் சுத்தி), கேரியர் (தோட்டாவை அறைக்குத் தூக்கும் பாகம்) ஆகியவற்றின் திருகுகள் அச்சுகள். அவற்றின் மேல்தான் அந்தப் பாகங்கள் சுழல்கின்றன. இத்தகைய திருகில் மரை ஒரு பகுதி, மழமழப்பான தண்டு ஒரு பகுதி. தலையோ தோளோ இருக்கையில் போய் உட்காரும்வரை முடுக்க வேண்டும். உட்கார்ந்ததும் கையில் தெளிவாகத் தெரியும்: சுலபமாக வந்துகொண்டிருந்தது சட்டென்று நிற்கும். அதற்குப் பிறகு, பெருவிரலும் இரண்டு விரல்களும் திருப்புளிக் கைப்பிடியில் தரக்கூடிய இறுக்கம் போதும். உள்ளங்கையால் பிடித்து மணிக்கட்டைத் திருகாதீர்கள்.

இங்கே பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. திருகு முழுக்க உட்கார்ந்ததும் லீவர் கனமாக நகர்கிறது என்று கால் சுற்று தளர்த்தி விட்டுவிடுகிறார்கள். அச்சுத் திருகு முழுக்க முடுக்கிய நிலையில் பாகம் தாராளமாகச் சுழல வேண்டும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். சுழலவில்லை என்றால் காரணம் வேறு: துளை ஓரத்தில் பிசிறு, தண்டில் உறைந்த கிரீஸ், அல்லது திருகு இடம் மாறிவிட்டது. தளர்த்தி வைத்த திருகு, பாகத்தோடு சேர்ந்து தானும் சுழன்று சில பெட்டித் தோட்டாக்களுக்குள் வெளியே வந்துவிடும். அதற்குள் துளையும் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும்.

இடம் மாறுவதைத் தடுக்க எளிய வழி உண்டு. ஓர் அட்டையில் ரைபிளின் இரு பக்கத்தையும் கோட்டுப் படமாக வரைந்து, திருகு இருக்கும் இடங்களில் துளையிட்டு, கழற்றக் கழற்ற அந்தந்தத் துளையில் குத்தி வையுங்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு திருகுகள் நீளத்தில் ஒரு மரை வித்தியாசப்படலாம். நீளமானது தவறான துளையில் போனால் உள்ளே ஓடும் பாகத்தை முட்டும்.

டார்க் திருப்புளி எங்கே அவசியம் என்றால் ஸ்கோப் மவுண்டில், அதாவது குறி பார்க்கும் தொலைநோக்கியைப் பிடிக்கும் பகுதியில். அதைக் கீழே சொல்கிறோம். வாங்கும்போது அளவுக் குறியீட்டைக் கவனியுங்கள். கார் மெக்கானிக்குகள் பயன்படுத்தும் ரெஞ்சில் இருப்பது ஃபுட்-பவுண்டு. அது இஞ்ச்-பவுண்டைப் போல் 12 மடங்கு. 20 இஞ்ச்-பவுண்டு என்பது ஏறத்தாழ 2.3 நியூட்டன்-மீட்டர்தான். கார் ரெஞ்சை இந்தத் திருகுகளில் வைத்தால் தலை முறிந்து கையோடு வரும்.

கேள்வி: மார்லின் 336-இல் லீவர் திருகு அடிக்கடி தளர்கிறது. லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) போடலாமா?

லீவரை அடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் திருகின் தண்டின் மேல் லீவர் சுழல்கிறது. உராய்வு திருகையும் கொஞ்சம் இழுக்கும். ஆகவே முதல் மருந்து எண்ணெய், ஆனால் சரியான இடத்தில். தண்டில் ஒரு சொட்டு எண்ணெய், மரையில் எண்ணெயே கூடாது. பலர் திருகு முழுவதையும் எண்ணெயில் முக்கி மாட்டுகிறார்கள். மரை வழுக்கி, தளர்வது இன்னும் சீக்கிரமாகிவிடுகிறது.

மரையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவைத்து முடுக்குங்கள். அசிட்டோனும் வேலை செய்யும், ஆனால் கட்டையின் வார்னிஷில் ஒரு துளி பட்டால் கறை விழும். திருகை மாட்டும்போது முதலில் இடப்பக்கமாக, அதாவது கழற்றும் திசையில் மெல்லத் திருப்புங்கள். மரையின் தொடக்கங்கள் சந்திக்கும் இடத்தில் ஒரு சிறு விழுகை தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் விரலாலேயே சில சுற்று ஏற்றுங்கள். விரலால் ஏறவில்லை என்றால் மரை குறுக்கே பிடித்திருக்கிறது அல்லது லீவரின் துளை நேராக வரவில்லை. திருப்புளியால் கட்டாயப்படுத்தாமல் கழற்றி மறுபடி தொடங்குங்கள்.

இந்தத் திருகு சுத்தம் செய்யும்போதெல்லாம் கழற்ற வேண்டிய ஒன்று. 336-இல் இதை எடுத்து லீவரை உருவினால் போல்ட் (அறையின் பின்பக்கத்தை அடைக்கும் பாகம்) பின்பக்கமாக வந்துவிடும், இடப்பக்கச் சுவரிலிருந்து எஜெக்டர் (காலி உறையை வெளியே தள்ளும் பாகம்) விழும். குழலைப் பின்னாலிருந்து துடைக்கலாம். ஆகவே பலமான பசை இங்கே வேண்டாம். மேலே சொன்னபடி செய்தும் தளர்ந்தால், ஊதா நிற லாக்டைட் 222, குண்டூசித் தலையளவு, மரையின் நுனிப் பக்கம் மட்டும். இது சிறு திருகுகளுக்கென்றே வந்தது. கைத் திருப்புளியால் கழற்றலாம். தண்டுப் பக்கம் வழிந்தால் லீவரையே ஒட்டிவிடும். காற்றில்லாத இடத்தில் உலோகத்துக்கு நடுவே அகப்படும்போதுதான் இந்தப் பசை இறுகும் என்பதால், வெளியே ஈரமாகத் தெரிவதை நம்பி உள்ளேயும் இறுகவில்லை என்று எண்ணாதீர்கள். முழுப் பலம் வர 24 மணி நேரம் கொடுங்கள்.

சிவப்பு நிற 271-ஐத் துப்பாக்கியின் எந்தத் திருகுக்கும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அதை விடுவிக்க 250 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு தேவை. பளபளப்பான எஃகு 220 டிகிரி வாக்கிலேயே வைக்கோல் நிறம் காட்டத் தொடங்கிவிடும். பக்கத்தில் கட்டையும் இருக்கிறது. ஏற்கெனவே யாரோ போட்டுவிட்டிருந்தால், சால்டரிங் அயர்னின் முனையைத் திருகுத் தலையில் மட்டும் சில நிமிடம் வைத்து, சூடு ஆறும் முன் திருப்புங்கள். தீக்கொழுந்து வேண்டாம்.

கேள்வி: பழைய வின்செஸ்டர் 94. ஹாமர் விழுகிறது, சில தோட்டாக்கள் வெடிப்பதில்லை. பிரைமரில் (தோட்டாவின் அடியில் உள்ள தீமூட்டி) மெல்லிய பள்ளம் மட்டும் இருக்கிறது. திருகுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நிறையவே உண்டு. கீழ் டாங்கின் (ரிசீவரிலிருந்து பின்னால் கட்டை வரை நீளும் நாக்கு) அடியில் பாருங்கள். தட்டை மெயின்ஸ்பிரிங் உள்ள பழைய 94-களில் அங்கே இரண்டு திருகுகள் இருக்கும். ஒன்று ஸ்பிரிங்கின் அடியைப் பிடித்து வைப்பது. மற்றது ஸ்ட்ரெயின் திருகு. ஸ்பிரிங்கின் வயிற்றில் முட்டி அதை வளைத்து, ஹாமருக்குப் பலம் தருவது. ஹாமரை இழுப்பது லேசாக இருக்கட்டும் என்று யாராவது இதைத் தளர்த்தியிருப்பார்கள், அல்லது தானாகவே தளர்ந்திருக்கும். ஹாமரின் அடி பலவீனமானால் பிரைமர் பற்றாது.

இந்தத் திருகை முழுக்க உட்காரும்வரை முடுக்குங்கள். இடைநிலையில் நிறுத்தி "சரிப்படுத்த" வேண்டிய திருகு அல்ல இது. நீலப் பசை 242 ஒரு துளி இங்கே தாராளமாகப் போடலாம். அடிக்கடி கழற்றும் இடமல்ல. முழுக்க முடுக்கியும் பள்ளம் ஆழமாகவில்லை என்றால், போல்ட்டுக்குள் ஃபயரிங் பின் (பிரைமரைக் குத்தும் ஊசி) ஓடும் துளையில் பழைய கிரீஸ் கெட்டியாகியிருக்கலாம். குளிர்காலத்தில் இது இன்னும் மோசமாகும். அதையும் சுத்தம் செய்து பார்த்துவிட்டு, பிறகு ஒரு கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) காட்டுங்கள். தோட்டா வெடிக்காதபோது குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி குறைந்தது 30 விநாடி காத்திருந்து அதன் பின்னரே லீவரைத் திறக்க வேண்டும். தாமதமாக வெடிக்கும் தோட்டாக்கள் உண்டு.

அதே 94-இல் ரிசீவரின் இரு பக்கமும் தோட்டா வழிகாட்டிகளைப் பிடிக்கும் சிறு திருகுகள் இருக்கின்றன. அவையும் தளர்ந்திருக்கின்றனவா என்று அப்படியே பார்த்துவிடுங்கள். அவை ஆடினால் தோட்டா கோணலாக ஏறிச் சிக்கும். பழியைத் தோட்டாவின் மேல் போட்டுக்கொண்டிருப்போம்.

கேள்வி: தோட்டா போடும் லோடிங் கேட் உள்ளே இறங்கித் தொங்குகிறது.

அதைப் பிடிக்கும் ஒற்றைத் திருகு தளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் கட்டைவிரல் அந்தத் தகட்டை வளைப்பதால், மார்லினில் அதிகம் தளரும் திருகுகளில் இதுவும் ஒன்று. மரையைத் துடைத்து, 222 ஒரு துளி. இந்தத் திருகை வேறு நீளத்தில் மாற்றாதீர்கள்.

கேள்வி: 336-க்கு ஸ்கோப் மாட்டினேன். அடித்தளத் திருகுகளை முடுக்கியதும் போல்ட் உரசுகிறது. தளர்த்தினால் சரியாகிவிடுகிறது.

திருகின் நீளம் அதிகம். ரிசீவரின் மேற்புறத் துளை போல்ட் ஓடும் பாதைக்குள் திறந்திருக்கும் இடத்தில், அரைச் சுற்று அதிகம் போனாலே திருகின் நுனி போல்ட்டின் முதுகைத் தொடும். முன்பக்கத் துளையில் நீளம் அதிகமானால் நுனி குழலின் மரையில் போய் முட்டும். அப்போது திருகு இறுகிவிட்டதுபோல் கைக்குத் தெரியும், அடித்தளமோ ஆடிக்கொண்டிருக்கும்.

போல்ட்டை வெளியே எடுத்துவிட்டுத் திருகுகளை முடுக்கி, உள்ளே வெளிச்சம் அடித்துப் பாருங்கள். நீட்டிக்கொண்டிருப்பதை நுனியில் அரத்தால் குறையுங்கள். அரத்தை வைக்கும் முன் அதே மரையுள்ள நட்டு ஒன்றைத் திருகில் ஏற்றிக்கொள்ளுங்கள். தேய்த்த பின் நட்டைக் கழற்றும்போது சிதைந்த முதல் மரை தானே நேராகிவிடும். துளைக்குள் குறைந்தது நான்கைந்து மரையாவது பிடிக்க வேண்டும்.

இனி டார்க். எஃகு ரிசீவரில் அடித்தளத் திருகுகளுக்கு 15 முதல் 20 இஞ்ச்-பவுண்டு, ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்களின் மேல்மூடித் திருகுகளுக்கு 15 முதல் 18 என்பது பொதுவான வரம்பு. மவுண்ட் தயாரிப்பாளரின் தாளில் வேறு எண் இருந்தால் அதுவே இறுதி. எண்கள் உலர்ந்த மரைக்கா பசை போட்ட மரைக்கா என்றும் பாருங்கள். ஈரமான மரையில் உராய்வு குறைவதால், அதே டார்க்கில் திருகு அதிகம் இழுபடும்; பசை போட்டால் வரம்பின் கீழ்ப்பக்கம் நில்லுங்கள். மேல்மூடித் திருகுகளைக் குறுக்கு மறுக்காக, ஒரு நேரத்தில் கால் சுற்று வீதம் ஏற்றி, இரு பக்க இடைவெளியும் சமமாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போங்கள். ஒரு பக்கத்தை முதலில் முடித்துவிட்டால் ஸ்கோப் குழாய் திரும்பி, குறுக்குக் கோடு சாய்ந்துவிடும். அதிக டார்க்கில் குழாயே நசுங்கும்.

வேலை முடிந்ததும் திருகுத் தலையிலிருந்து அடித்தளத்துக்கு நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு போட்டு வையுங்கள். கோடு முறிந்திருந்தால் திருகு நகர்ந்திருக்கிறது. மார்லின் 1895 போன்ற, .45-70 என்ற பெரிய தோட்டாவைச் சுடும் ரைபிள்களில் உதைப்பு அதிகம் என்பதால், ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் இந்தக் கோட்டைப் பார்ப்பது நல்லது.

கேள்வி: கைப்பிடிக் கட்டையில், மேல் டாங்கின் நுனியிலிருந்து மெல்லிய விரிசல் ஓடுகிறது. டாங்க் திருகை நன்றாகத்தான் முடுக்கி வைத்திருக்கிறேன்.

"நன்றாக" என்பதில்தான் சந்தேகம். இந்தத் திருகு மரத்தை ஊடுருவி மேல் டாங்கையும் கீழ்ப்பகுதியையும் சேர்த்துப் பிடிக்கிறது. இரும்பில் முடுக்குவதுபோல் முடுக்கினால் மரம் நசுங்கும். நசுங்கியதும் திருகு தளர்ந்ததுபோல் தெரியும், நாம் மறுபடி முடுக்குவோம். எதிர்ப்பக்கமும் உண்டு: வறண்ட குளிர்காலத்தில் சூடேற்றிய வீட்டுக்குள் மரம் சுருங்கித் திருகு உண்மையிலேயே தளரும். தளர்ந்த கட்டையோடு சுட்டால் ஒவ்வொரு உதைப்பும் டாங்கை மரத்துக்குள் ஆப்பாக அடிக்கிறது. விரிசலுக்குப் பெரும்பாலும் காரணம் இந்த இரண்டாவது.

மேல் டாங்கின் பின்நுனிக்கும் மரத்துக்கும் நடுவே தடித்த காகிதம் ஒன்று நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். உதைப்பைத் தாங்க வேண்டியது ரிசீவரின் பின்முகத்தில் அகலமாக உட்காரும் மரம்தான், டாங்கின் நுனி அல்ல. இடைவெளி இல்லையென்றால் கூர்மையான உளியால் அங்கே மட்டும் மெல்லச் சீவி எடுங்கள். விரிசலில் நீர்ப்பதமான எபாக்ஸியை உள்ளே இறக்கி, இறுக்கிக் கட்டி ஒரு நாள் விடுங்கள். எண்ணெய் ஊறிய மரமானால் முதலில் ஆல்கஹாலால் அந்த இடத்தைத் துடைத்து எண்ணெயை இழுக்க வேண்டும். பிறகு டாங்க் திருகு: கட்டை ஆடாத நிலை வந்ததும் எட்டில் ஒரு பங்கு சுற்று, அவ்வளவே. பருவத்துக்கு இரு முறை சரிபாருங்கள். இங்கே பசை கூடாது. மரம் அசைவதற்கேற்ப நாமும் திருகைத் தொட வேண்டியிருக்கும்.

கேள்வி: வின்செஸ்டர் 94-இல் முதல் மூன்று குண்டுகள் சேர்ந்து விழுகின்றன, குழல் சூடானதும் விலகிப் போகின்றன. முன்பட்டைத் திருகைத் தளர்த்தலாமா?

முழுக்கத் தளர்த்தக் கூடாது, கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம். குழலையும் மேகசின் குழாயையும் சேர்த்துக் கட்டும் அந்தப் பட்டை அதிகம் இறுகியிருந்தால், சூட்டில் நீளும் குழல் தாராளமாக நீள முடியாமல் வளையும். பட்டை கையால் தட்டினால் சத்தம் போடாத அளவு, அதற்கு மேல் மிகச் சிறிது. முன்கட்டை ரிசீவரோடு முட்டிக்கொண்டு நிற்கிறதா என்றும் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, குழல் ஆறியபின் மறுபடி சுட்டு ஒப்பிடுங்கள்.

பட்டைத் திருகு குழலின் அடியில் வெட்டிய பள்ளத்தின் வழியாகப் போகிறது. துளை நேராக வராமல் திருப்பினால் மரை குழலின் இரும்பில் தேயும். மெல்லிய பின் ஒன்றை விட்டு நேராக்கிவிட்டுத் திருகைப் போடுங்கள். மேகசின் மூடித் திருகைக் கழற்றும்போது கண்ணாடி அணிந்து, மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னால் நீளமான ஸ்பிரிங் அழுந்திக் காத்திருக்கிறது.

கேள்வி: எல்லாத் திருகுக் காடிகளும் குழலுக்கு இணையாக நிற்கும்படி முடுக்கலாமா? அழகாக இருக்கும்.

விலையுயர்ந்த துப்பாக்கிகளில் அப்படி வருவது, திருகின் தலையை அந்தத் துளைக்கென்றே அளந்து சீவுவதால். சாதாரணத் தொழிற்சாலைத் திருகைக் காடி நேராகும்வரை முடுக்கினால் மரைதான் போகும்.

கேள்வி: ஒரு திருகு அசையவே மாட்டேன் என்கிறது.

ஊடுருவும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஓர் இரவு வையுங்கள். காலையில் சரியான பிட்டை வைத்து, அதன் மேல் சிறு சுத்தியலால் பத்துப் பதினைந்து முறை தட்டுங்கள், துரு உடையும். முதலில் முடுக்கும் திசையில் ஒரு நூலளவு, பிறகு கழற்றும் திசையில். அப்போதும் வராவிட்டால் டிரில் பிரஸ் இருக்குமிடத்துக்குக் கொண்டுபோங்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, சக்கில் பிட்டை மாட்டி, ரைபிளை அசையாமல் கட்டி, பிரஸ்ஸின் கைப்பிடியால் பிட்டைக் காடிக்குள் அழுத்தியபடி சக்கைக் கையால் திருப்புங்கள். பிட் மேலே எழும்ப வழியே இல்லாததால் தலை சிதையாது.

கேள்வி: ஸ்கோப் அடித்தளத் திருகு ஒன்று தொலைந்துவிட்டது. ஹார்டுவேர் கடையில் அதே பருமனில் கிடைக்கிறது, கொஞ்சம் இறுக்கமாக ஏறுகிறது.

ஏற்றாதீர்கள். துப்பாக்கிகளில் வழங்கும் 6-48 என்ற அளவு, 0.138 அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 48 மரை. ஹார்டுவேர் கடையில் அதே விட்டத்தில் கிடைப்பது பெரும்பாலும் 6-32. எட்டாம் எண்ணிலும் இதே கதைதான். துப்பாக்கிக்கு 8-40, கடையில் 8-32. முதல் இரண்டு சுற்று ஏறும், பிறகு ரிசீவரின் மரையை அறுத்துக்கொண்டு போகும். மவுண்ட் தயாரிப்பாளரிடமோ துப்பாக்கி உதிரிபாகக் கடையிலோ மாடல் எண்ணைச் சொல்லி வாங்குங்கள். மார்லின் நிறுவனத்தை 2020-இல் ரூகர் வாங்கியது. வின்செஸ்டர் 94 இப்போது ஜப்பானில் மிரோக்கு தொழிற்சாலையில் ஆகிறது. ஆகவே உங்கள் ரைபிள் எந்தக் காலத்தது என்பதை வரிசை எண்ணோடு சேர்த்துச் சொன்னால்தான் சரியான திருகு வந்து சேரும்.